மறந்துபோன பழைய கேம்களைத் தேடி எடுத்து விளையாடுவது எப்படி

பழைய கேம் ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது அது வெளிவந்த வருஷத்தை. அப்புறம், அது ஓடும் கன்சோலுக்கு, அதாவது கேம் விளையாடும் இயந்திரத்துக்கு, அடுத்த கன்சோல் எப்போது வந்தது என்பதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பாதிக் கதை புரிந்துவிடும். கேம் பாய் அட்வான்ஸ் 2001இலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய கேம் பாய் கலரில் ஷான்டே என்ற கேம் வெளியானது 2002இல். அட்வான்ஸுக்கு அடுத்த நின்டெண்டோ டிஎஸ் வந்தது 2004இல். ட்ரில் டோசர் என்ற கேம், பழைய கேம் பாய் அட்வான்ஸில் வந்தது 2005இல். சேகா மெகா டிரைவில் ரிஸ்டார் வந்த 1995இல் எல்லோருடைய கண்ணும் பிளேஸ்டேஷன் பக்கம் திரும்பியிருந்தது.

இவையெல்லாம் புது இயந்திரம் வந்த பிறகு பழையதில் வெளியான கேம்கள். ஒரு கன்சோலின் கடைசிக் காலத்தில் அதற்கு கேம் செய்தவர்களுக்கு அந்த இயந்திரத்தின் மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. வேலை அவ்வளவு சுத்தமாக இருக்கும். வாங்கத்தான் ஆள் இருக்காது. அதனால், எங்கே தேடுவது என்று என்னைக் கேட்டால், ஒவ்வொரு கன்சோலின் கடைசி இரண்டு வருஷப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் நல்ல கேம்களில் பெரும்பாலானவை அப்படிக் கிடைத்தவைதான்.

அப்படிக் கிடைத்ததில் நான் கட்டிக்கொண்டு கொண்டாடுவது கிம்மிக்!. சன்சாஃப்ட் நிறுவனம் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கன்சோலுக்கு 1992இல் வெளியிட்டது. அதற்கு அடுத்த சூப்பர் ஃபேமிகாம் 1990இலேயே வந்துவிட்டதால் பலர் இதைக் கவனிக்கவே இல்லை. ஐரோப்பாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளில் மட்டும்தான் வெளியானது. பார்ப்பதற்குக் குழந்தைகள் விளையாட்டு போலப் பச்சை நிறத்தில் ஒரு குட்டி உருண்டைதான் நாயகன். பட்டனை அழுத்திப் பிடித்தால் அவன் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம் சுழன்று உருவாகும், விட்டால் பறக்கும். மற்ற கேம்களில் குண்டு நேராகப் போய் மறையும். இந்த நட்சத்திரமோ தரையில் பட்டுத் துள்ளும், சுவரில் மோதித் திரும்பும், சரிவில் உருளும். துள்ளிப் போகும் நட்சத்திரத்தின் மேல் நாம் குதித்து ஏறி சவாரி செய்யலாம். முதல் லெவலில் ஒரு மேட்டின் ஓரத்தில் நின்று நட்சத்திரத்தை எறிந்து, அது சுவரில் பட்டுத் திரும்பி வரும் சரியான நொடியில் குதித்து ஏற எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. ஏறிய பிறகு அந்தப் பச்சை உருண்டை என் கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு லெவலிலும் ஒளித்து வைத்திருக்கும் பொருள்களை எடுத்தால்தான் உண்மையான முடிவைப் பார்க்க முடியும். அவற்றில் பலவற்றுக்கு இந்தச் சவாரி கைவந்திருக்க வேண்டும். 2023இல் இன்றைய கன்சோல்களுக்கும் கணினிக்கும் மறுவெளியீடு வந்துவிட்டதால் இப்போது தேடி அலைய வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளிலேயே எந்தப் பழைய கேமுக்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதல் முறை உட்காரும்போது கன்ட்ரோலைப் பழகுவதற்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது. அதற்கு முன்பு கையேட்டைப் படியுங்கள். அந்தக் காலத்தில் கதையும் பட்டன்களின் வேலையும் திரையில் வராது, பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தில்தான் இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் ஏராளமான கையேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கேம் புரியவில்லை என்று பாதியில் மூடியவர்களில் பலர் அந்தப் பத்துப் பக்கத்தைப் பார்க்காதவர்கள்.

எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோல் போலவே இயங்கும் மென்பொருளில், விளையாடுவதாக இருந்தால் மூன்று வேலைகளை முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். படத்தின் அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் இருக்கட்டும். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் வட்டமெல்லாம் முட்டையாகிவிடும், தாவும் தூரமும் கண்ணை ஏமாற்றும். டிவியில் கேம் மோடைப் போடுங்கள். பழைய ட்யூப் டிவிகள் படத்தை உடனுக்குடன் காட்டின, இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சிறு தாமதத்தில்தான் நம் தாவல் குழியில் முடிகிறது. 'இந்த கேம் ரொம்பக் கஷ்டம்' என்று நான் நினைத்த சில, இதைச் சரிசெய்ததும் நியாயமான கேம்களாகிவிட்டன. மூன்றாவது, ஐரோப்பியப் பதிப்பா என்று பாருங்கள். அங்கே திரை நொடிக்கு 50 முறைதான் புதுப்பிக்கப்பட்டது, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 முறை. வேகத்தைச் சரிசெய்யாமல் அனுப்பிய கேம்கள் ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவாக ஓடும், பாட்டும் சேர்ந்து இழுக்கும்.

ஆட்டத்தை எந்த நொடியிலும் அப்படியே சேமிக்கும் எமுலேட்டர் வசதியான சேவ் ஸ்டேட்டை நான் லெவல் தொடக்கத்தில் மட்டும் போடுவேன். ஒவ்வொரு தாவலுக்கும் போட்டால் கேம் முடியும், கை மட்டும் எதையும் கற்றிருக்காது.

கன்சோலில் செருகும் அசல் கேம் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேவ் வசதி உள்ள பல கார்ட்ரிட்ஜ்களுக்குள் காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால் சேவும் போய்விடும். நாற்பது மணி நேரம் ஆடிய ஒரு சாகசத்தை நான் அப்படித்தான் இழந்தேன், ஒரு நாள் போட்டுப் பார்த்தால் சேவ் செய்யும் மூன்று இடமும் காலி. பேட்டரியை மாற்றலாம், ஆனால் கழற்றும்போதே பழைய சேவ் அழிந்துவிடும் என்பதால் முதலில் அதைக் கணினியில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜை வாயால் ஊதாதீர்கள், ஈரம் உலோகத்தை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

கணினி கேம்களில் ஒன்றே ஒன்று சொல் என்றால் தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ். ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1997இல் வெளிவந்தது. 1914 ஜூலை 24, பாரிஸிலிருந்து கிளம்பும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில். முதல் உலகப் போர் தொடங்க நாலு நாள்தான் பாக்கி. ரயிலுக்குள் நேரம் நம் கடிகாரத்தைவிட வேகமாக, ஆனால் நிற்காமல் ஓடும். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பயணிகள் பேசிக்கொண்டே இருப்பார்கள். உணவுப் பெட்டியில் ஒரு மேசையில் சும்மா உட்காருங்கள். பின்னால் இருவர் பேசுவது காதில் விழும். எழுந்து நடைபாதைக்குப் போனால் அது பாதியில் போச்சு, ஆனால் அங்கே வேறொரு கதவு திறந்திருக்கும். ஒரு பெட்டியில் கச்சேரி நடக்கும்போது பலர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுடைய அறைகளுக்குள் நுழைய அதுதான் நேரம் என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பு செய்தால் கடிகார முள்ளைப் பின்னால் திருப்பி முந்தைய ஊருக்குப் போகலாம். விளையாடும்போது ஒரு தாளில் யார் எந்த அறை, எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும் என்பது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு செய்து சொன்னது. அதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. மறுவெளியீடு இருந்தால் அதையே வாங்குங்கள், விற்றால்தான் அடுத்தது வரும். உரிமையாளர்களே இலவசமாகக் கொடுத்தவையும் உண்டு. 1994இன் பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003 முதல் இலவசம், பழைய கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருள் இருந்தால் ஓடிவிடும். 1992இன் ஸ்டார் கன்ட்ரோல் 2, தி உர்-குவான் மாஸ்டர்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வேற்றுக்கிரகவாசிகள் பேசுவதைக் கேட்கவே ஒரு வாரம் கொடுக்கலாம்.

தனியாக ஆடி அலுத்துவிட்டால் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு 1983இன் எம்.யூ.எல்.இ.யைப் போடுங்கள். நாலு பேர் ஒரு புதுக் கிரகத்தில் நிலம் பிடித்து, விளைவித்து, ஒருவருக்கொருவர் விற்கும் விளையாட்டு. ஏலம் வரும்போது வாங்குபவர் திரையின் அடியிலிருந்து மேலே நடப்பார், விற்பவர் மேலிருந்து கீழே. இருவரும் சந்திக்கும் கோடுதான் விலை. கடைசி இடத்தில் இருப்பவருக்குக் கெட்டது நடக்காது, முதலிடத்தில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிக்காது என்று விதியையே எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் கடைசிச் சுற்றுவரை யாரும் எழுந்து போக மாட்டார்கள். போன மாதம் ஆடியபோது தம்பியிடம் உணவு தீர்ந்துவிட்டது, உபரி இருந்தது என்னிடம் மட்டும்தான். நேரம் ஓடிக்கொண்டிருக்க, அவன் திரையில் தன் ஆளை மேலே நடத்திக்கொண்டே, "அக்கா, கொஞ்சம் இறங்கி வாயேன்" என்று கெஞ்சினான். இரண்டு கோடு இறங்கினேன்.