ரயரில் ஆணி ஏறினால் ஒட்டுவதா, மாற்றுவதா?

ரயரில் ஆணியைக் கண்டவுடன் பிடுங்கிவிடாமல், அது எந்த இடத்தில் ஏறியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வீதியில் படும் நடுப்பகுதியில், 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத துளையென்றால், ரயரை றிம்மிலிருந்து கழற்றி, துளையை அடைத்து, உட்புறமாக ஒட்டுப் போடுவித்தால் போதும். வெளியிலிருந்து துளைக்குள் றப்பர்த் திரி செருகி அடைப்பதைக் கராஜ் வரை போய்ச் சேர்வதற்கான ஏற்பாடாகவே நான் கொள்வேன். பக்கச்சுவரில் ஏறியிருந்தால், துளை எவ்வளவு சிறிதாயினும் மாற்றத்தான் வேண்டும், ஏனெனில் ஓட்டத்தில் ஓயாது வளைந்து நிமிரும் அப்பகுதியில் ஒட்டு நிலைக்காது. காற்றில்லாமலே சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வரை உருட்டி வந்த ரயரைக் கழற்றும்போது உள்ளே கறுப்பு றப்பர்த் தூள் உதிர்ந்து கிடந்தால், அந்த ரயரையும் கழித்துவிடுங்கள். வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் ஒட்டுக்குக் கொடுக்கும் காசும் வீண்.