சென்னை மொட்டைமாடியில் டிடி ஃப்ரீ டிஷ்: திசையும் சாய்வும் அறிந்து நாமே பொருத்துவது எப்படி

மாதச் சந்தா எதுவும் கட்டாமல், கேபிள்காரரையும் இணைய இணைப்பையும் நம்பாமல், வானிலிருந்து நேரடியாக டிஜிட்டல் தொலைக்காட்சியைப் பெறுவதற்கு எளிய வழி பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் சேவையாகும். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இச்சேவை, இப்போது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிலைகொண்டிருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வழங்கப்படுகிறது. டிஷ், அதன் முன்னே அமர்ந்து அலையைப் பிடித்துக் கேபிளுக்கு அனுப்பும் எல்.என்.பி. என்ற கருவி, கேபிள், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றுக்கு ஒருமுறை செய்யும் செலவைத் தவிர வேறு கட்டணம் கிடையாது.

பொருள்களை வாங்குவதற்கு முன்பு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழ்த் தொடர்களுக்காகவும் தமிழ்த் திரைப்படங்களுக்காகவும் இதைப் பொருத்துபவர்கள் ஏமாற்றமடைவார்கள்; இதில் வரும் தனியார் அலைவரிசைகளில் பெரும்பான்மை இந்தி அலைவரிசைகளே. 2024 ஜனவரி வரை பொதிகை என்று அறியப்பட்ட டிடி தமிழ், தூர்தர்ஷனின் பிற அலைவரிசைகள், மாணவர்களுக்கான கல்வி அலைவரிசைகள், அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆகியவை போதும் என்பவர்களுக்கே இது ஏற்றது. கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தனியே ஒரு காரணம் உண்டு. 2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வாறு பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிச் சேவைக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே உரியது, கேபிளுக்கு அன்று என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆகவே கேபிளில் பார்க்க முடியாத ஆட்டம், அதே நேரத்தில் ஃப்ரீ டிஷ்ஷில் டிடி ஸ்போர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். சென்னையிலிருந்து பார்க்கும்போது ஜிசாட்-15 வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் ஏறத்தாழ 134 டிகிரியில், அதாவது வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலை என்று சொல்லும் தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. இந்த 68 டிகிரி என்ற எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனெனில் இடம் தேர்வதிலிருந்து தட்டைச் சாய்ப்பது வரை எல்லாமே அதைப் பொறுத்தே அமைகின்றன. செயற்கைக்கோள் அவ்வளவு உயரத்தில் இருப்பதால், தென்கிழக்கில் அடுத்த வீட்டுச் சுவர் 10 அடி தொலைவில் இருந்தாலும், அது டிஷ்ஷைவிட ஏறக்குறைய 25 அடி உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பகுதிகளிலும் அநேகமாக எல்லா மொட்டைமாடிகளிலும் இது கிடைப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் அதே உயரம் பால்கனிக்குப் பகையாகிறது: தலைக்கு மேல் மற்றொரு தளத்தின் கூரை நீண்டிருக்கும் பால்கனியில், கம்பிக்கு வெளியே டிஷ்ஷை நீட்டிப் பொருத்தினாலன்றி அந்தக் கூரையே வழியை மறித்துவிடும். தென்னையும் வேம்பும் அருகில் இருந்தால், இன்று மறைக்காத ஓலையோ கிளையோ இரண்டு ஆண்டில் மறைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொருள்கள் அனைத்தும் ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும். 60 செ.மீ. டிஷ் தெளிந்த வானத்துக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் படம் நிற்க வேண்டும் என்றால் 75 அல்லது 80 செ.மீ. டிஷ் வாங்குவதே என் பரிந்துரை. தட்டு பெரிதாகும் அளவுக்குக் காற்றும் அதைப் பிடித்து இழுக்கும் என்பதால், அதற்கேற்ற தடித்த ஜிஐ குழாயும் வேண்டும். எல்.என்.பி. 9750/10600 என்று அச்சிடப்பட்ட யுனிவர்சல் வகையாக இருக்கட்டும். கேபிள், டிஷ் இணைப்புகளுக்குப் பயன்படும் ஆர்ஜி-6 வகை. பாக்ஸ் வாங்கும்போது, படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறையான எம்பெக்-4 வசதி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் பழைய எம்பெக்-2 பாக்ஸில் ஒரு பகுதி அலைவரிசைகள் தெரியாது. அண்மைக்காலத் தொலைக்காட்சிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே அமைந்திருக்கிறது. அவற்றுக்குத் தனி பாக்ஸ் இல்லாமலும் டிஷ்ஷை இணைத்துப் பார்க்கலாம். கட்டணச் சேவையை நிறுத்தியபின் மாடியில் வெறுமனே கிடக்கும் பழைய டிஷ் வளையாமலும் துருவேறாமலும் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், எல்.என்.பி.யை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டால் நல்லது.

டிஷ்ஷை நிறுத்தும் இடத்தில் சென்னை வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. மொட்டைமாடித் தளத்தில் துளையிடவே கூடாது. மேலே பதித்திருக்கும் தட்டோட்டையும் அதன் அடியிலுள்ள சுண்ணாம்புத் தளத்தையும் துளைத்து ஆங்கர் போல்ட் இறக்கினால், அடுத்த மழையில் கீழ் அறையின் கூரை ஒழுகத் தொடங்கும். பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் பத்து டிஷ் வாங்கலாம். கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் இரண்டு கிளாம்ப் அடித்துக் குழாயை நிறுத்துவதே முறை. கைப்பிடிச் சுவர் பழையதாகவும் ஒற்றைச் செங்கல் சுவராகவும் இருந்தால், சிமென்ட் கலவை நிரப்பிய பழைய வாளியிலோ இரும்புச் சட்டத்தின் மேல் அடுக்கிய கற்களின் கனத்திலோ குழாயை நிறுத்தலாம். ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் மாடிகளில் செய்த வேலையைப் பார்த்தவர்கள் அத்தகைய ஏற்பாட்டைத் தயக்கத்துடனேயே ஏற்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பாயின், மாடியில் ஏறுவதற்கு முன்பே குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

குழாய் சிறிதும் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை; பிறகு ஒரு பிற்பகல் முழுவதும் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். குழாய் சாய்ந்திருந்தால், டிஷ்ஷை இடவலமாகத் திருப்பும்போதே அதன் உயரக் கோணமும் சேர்ந்து மாறிவிடும், ஆதலால் அளவுகோலில் வைத்த 68 பொய்யாகிவிடும். கொத்தனாரின் தூக்குக் குண்டோ ரசமட்டமோ கொண்டு, குழாயின் இரண்டு பக்கங்களிலும் பார்த்து நேராக்கிய பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும்.

அடுத்தது சாய்வு. டிஷ்ஷின் பின்புறப் பிடியில் அச்சிட்ட அளவுகோல் இருந்தால் அதை 68இல் வைத்தால் போதும். அளவுகோல் இல்லாதபோதுதான் குழப்பம் நேர்கிறது. நம் வீடுகளில் உள்ளவை ஆஃப்செட் டிஷ்கள். அவற்றின் தட்டு பார்க்கும் திசையும் உண்மையில் அலையைப் பெறும் திசையும் ஒன்றல்ல, இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 22 முதல் 26 டிகிரி வரை வேறுபாடு இருக்கும். எனவே தட்டின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இணைத்து வைத்த ஒரு மரச்சட்டம், செங்குத்து நிலையிலிருந்து சுமார் 44 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், டிஷ் 68 டிகிரியைப் பார்க்கிறது என்று பொருள். கைபேசியிலுள்ள சாய்வுமானியை அந்தச் சட்டத்தின் மீது வைத்தே இதை அளந்துவிடலாம். கண்ணளவில் தட்டையே 68 டிகிரி மல்லாத்தியவர்கள் உச்சியையும் தாண்டிய வானத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி உதவும், ஆயினும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியும் அதை எளிதில் ஏமாற்றிவிடும். டிஷ்ஷிலிருந்து சில அடி விலகி நின்று அளந்து, அந்தத் திசையில் தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தையோ கோபுரத்தையோ அடையாளமாகக் கொள்வது நம்பகமானது. அக்கம்பக்கத்து மாடிகளும் வழிகாட்டும். கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியிலுள்ள செயற்கைக்கோளைப் பார்க்கும் டாடா ப்ளே டிஷ்கள் சென்னையில் ஏறக்குறைய தெற்கே, சற்றே கிழக்கு சாய்ந்து, 168 டிகிரியில் திரும்பியிருக்கும், தீர்க்கரேகை 108.2 டிகிரியிலுள்ளதைப் பார்க்கும் ஏர்டெல் டிஷ்கள் கிழக்கை ஒட்டி 113 டிகிரியில் இருக்கும். நமது டிஷ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட திசையைப் பார்க்க வேண்டும்.

எல்.என்.பி.யின் சுழற்சியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே விலகி நிற்பதால், அங்கே செங்குத்தாகப் புறப்படும் அலை இங்கே சாய்ந்து வந்து சேர்கிறது; சென்னைக்குக் கணக்குப்படி அந்தச் சாய்வு ஏறத்தாழ 45 டிகிரி. டிஷ்ஷின் முன்னால் அதன் முகத்தைப் பார்த்து நின்று, எல்.என்.பி.யைக் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். கேபிள் மாட்டும் முனை ஆறு மணி நிலையிலிருந்து ஏழரை மணி நிலைக்கு வரும். இது தொடங்குவதற்கான நிலை மட்டுமே, முடிவைத் திரையில் தெரியும் தரம்தான் சொல்லும்.

இப்போது பாக்ஸையும் ஒரு சிறிய டிவியையும் மாடிக்கே கொண்டுவருவது சிறந்தது. முடியாவிட்டால், கீழே ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு கைபேசியில் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கேபிளை மாட்டும்போது பாக்ஸின் மின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும்: கேபிள் வழியாக எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் செல்கிறது, நடுக்கம்பி வெளிவலையைத் தொட்டால் பாக்ஸ் பழுதாகலாம். அமைப்புப் பட்டியலில் 93.5 கிழக்கு அல்லது டிடி ஃப்ரீ டிஷ் என்பதைத் தேர்ந்து, எல்.என்.பி. வகையை யுனிவர்சல் என்று வைத்து, சிக்னல் திரையைத் திறக்கவும்.

அதில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். வலிமைப் பட்டையை நம்ப வேண்டாம். எல்.என்.பி.க்கு மின்சாரம் சென்றாலே, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அது பாதிக்கு மேல் ஏறி நிற்கும். தரப் பட்டை பூஜ்யத்தைவிட்டு அசையும் இடமே நாம் தேடுவது. டிஷ்ஷை விரலளவு திருப்பி, இரண்டு விநாடி பொறுத்து, மீண்டும் விரலளவு திருப்ப வேண்டும். பாக்ஸ் அலையைப் பூட்டிக்கொள்ளச் சற்று நேரம் எடுப்பதால், வேகமாகத் திருப்புபவர்கள் சரியான இடத்தைப் பலமுறை கடந்துபோயும் அறியமாட்டார்கள். 134இன் இருபுறமும் தேடியும் கிடைக்காவிட்டால், சாய்வை ஒரு டிகிரி மாற்றி மறுபடி தேட வேண்டும். தரம் கிடைத்ததும் முதலில் திசையையும், பிறகு சாய்வையும், இறுதியாக எல்.என்.பி. சுழற்சியையும் உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, பட்டையைப் பார்த்தபடியே இறுக்க வேண்டும். அதன் பிறகு அலைவரிசைகளைத் தேடும் ஸ்கேனை ஓடவிடலாம். பழக்கமில்லாத பாக்ஸ் வேறு செயற்கைக்கோளின் அலையைக் காட்டி ஏமாற்றவும் கூடும், ஆகவே டிடி தமிழ் வந்ததா என்று பார்த்த பிறகே ஏணியை இறக்க வேண்டும்.

கேபிள் விஷயத்தில் கடற்கரை நகரம் கருணை காட்டாது. பெசன்ட் நகர், ராயபுரம் போன்ற பகுதிகளில் உப்புக்காற்று, கேபிளின் முனையில் உள்ள எஃப் கனெக்டர் என்ற உலோக இணைப்பியை விரைவில் அரித்துவிடும். இணைப்பை ரப்பர் உறையால் மூடி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நீட்டிச் சுற்ற வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்பு கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அதன் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் எர்த்துடன் இணைப்பது, இடி மின்னல் மிகுந்த மாதங்களுக்காக.

கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைவது இந்த அலைகளின் இயல்பு. மழை தணிந்ததும் தானே வரும், டிஷ்ஷைத் தொட வேண்டாம். மற்றொன்று, ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 15ஐ ஒட்டிய சில நாள்களிலும் செப்டம்பர் 29ஐ ஒட்டிய சில நாள்களிலும், முற்பகல் 11 மணி வாக்கில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் ஒளிபரப்பு மூழ்கிப்போய்ச் சில நிமிடம் படம் தடைபடலாம். புதிதாக இடம் தேர்பவர்களுக்கு அந்த நாள்கள் பயனுள்ளவை, ஏனெனில் அந்த நேரத்தில் வெயில் விழும் இடத்தில் டிஷ்ஷை எங்கே வைத்தாலும் மறைப்பு இருக்காது.

தனியார் அலைவரிசைகளுக்கான இடங்களைப் பிரசார் பாரதி மின்னணு ஏலத்தில் ஒதுக்குவதால், ஏப்ரல் மாதத்தை ஒட்டிச் சில அலைவரிசைகள் போய்ச் சில வரும். பழக்கமான அலைவரிசை ஒன்று மட்டும் திடீரென்று காணாமல்போனால் மாடிக்கு ஏற வேண்டியதில்லை. பாக்ஸில் மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்தால் போதும்.