கர்ப்பகால பிரஷர்: மாமியாரிடமும் கேட்க வேண்டிய பிரசவக் கதை

வேலூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போனால், நர்ஸ் கேட்பார்: "வீட்ல யாருக்காவது பிரஷர், சுகர் இருக்கா?" பல பெண்கள் சட்டென்று "இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரிய தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்றைக்கு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வருகிறார்கள். சொல்ல வேண்டியது பிரசவக் கதைகளை. "பெரியவளுக்கு எட்டாம் மாசம் முகமெல்லாம் வீங்கி, குறைமாசத்துலயே குழந்தையை எடுத்துட்டாங்க", "சின்னவளுக்கு வலி வந்தப்ப ஜன்னி கண்டுடுச்சு" என்று அம்மா எப்போதோ சொன்னதில் பிரஷர் ஒளிந்திருக்கலாம்.

20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதம் இறங்கினாலோ கல்லீரல், சிறுநீரகம் போன்றவை பாதிக்கப்பட்டாலோ அது ப்ரீ-எக்லாம்ப்சியா. வலிப்பும் வந்தால் எக்லாம்ப்சியா. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இது வந்திருந்தால், உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு அதிகம்.

அடுத்த தவறு, பெண் வீட்டை மட்டும் விசாரிப்பது. இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது உருவாவது குழந்தையின் மரபணுவால். அதில் பாதி அப்பாவுடையது. குழந்தையின் மரபணுவில் எஃப்.எல்.டி.1 என்ற ஜீனுக்கு அருகே உள்ள ஒரு மாற்றம் இந்த நோயோடு தொடர்புடையது என்று 2017-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நஞ்சுக்கொடியிலிருந்து அந்த ஜீன் சார்ந்த புரதம் அளவுக்கு மீறி தாயின் ரத்தத்தில் கலந்தால், ரத்தக்குழாய்கள் கெடும். மாமியாருக்குப் பிரசவத்தில் பிரஷர் ஏறியிருந்தால் அதுவும் டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி. "உங்க வம்சத்துலதான் கோளாறு" என்று மருமகளைக் குத்திக் காட்டுகிற வீடுகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மாமன் மகனையே கட்டியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே பாட்டிதான். அந்தப் பாட்டியின் பிரசவங்களையும் கேட்டு வையுங்கள்.

"அப்போ ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?" வேண்டாம். ஒரே ஒரு ஜீனால் வருகிற நோய் இல்லை இது. பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற ஒரு ஜீனை மட்டும் பார்க்கிற டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட, ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷரும் சிறுநீரும் பார்ப்பதே பயன். குடும்பத்தில் யாருக்குமே இல்லாத பெண்களுக்கும் இது வருகிறது என்பதால், "எங்க வீட்ல இல்லை" என்று செக்கப்பைத் தள்ளிப்போடவும் கூடாது.

குடும்பக் கதையை வளைகாப்புக்கு அப்புறம், அம்மா வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் ஒரு நல்ல வாய்ப்பு போய்விடும். முதல் கர்ப்பம், அதோடு அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தது என்றால், குறைந்த அளவு ஆஸ்பிரின் (75 முதல் 150 மி.கி.) தேவையா என்று டாக்டர் யோசிப்பார். அதை 12 வாரத்துக்கு மேல், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். உப்பை அறவே நிறுத்துவதோ படுத்தே கிடப்பதோ இந்த நோயைத் தடுக்காது.

ஆற்காட்டிலிருந்து பேரணாம்பட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறீர்கள் என்றால், பிரஷர் எழுதிய அட்டையும் கூடவே போகட்டும். புது டாக்டருக்கு உங்கள் பழைய அளவு தெரிந்தால்தான் ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

குழந்தை பிறந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட பிரஷர் ஏறலாம். விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும், பத்திய மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.