பெர்ல் மாட்யூல் எழுதுவோர் பொதியாக்கும் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்ல் மொழி மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சிபேனில் புதிதாக மாட்யூல் வெளியிடுவோரின் பொதிகளை, அதாவது டார் கோப்புகளை, பிரித்துப் பார்க்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே மீண்டும் கண்ணில் படுகின்றன. பதிப்பு எண்ணை உயர்த்த மறப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டதும் அவரவரே திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்க் கோப்புறையில் தங்கிவிட்ட பழைய நகல்

மாட்யூல்::இன்ஸ்டால் என்னும் பொதியாக்கும் கருவி தன் நகல் ஒன்றை இன்க் என்னும் கோப்புறையில் இட்டுப் பொதியோடு சேர்த்தே அனுப்புகிறது. நிறுவுபவரிடம் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்பது வசதிதான். ஆனால் அந்த நகலில் குறை இருந்தால், ஆசிரியர் புதுப்பித்து மறுபடி வெளியிடும் வரை அது அப்படியே இருக்கும்.

நான் கருவியைப் புதுப்பித்துவிட்டுத்தான் வெளியிட்டேன். இருந்தும் பொதிக்குள் சென்றது பழைய நகலே. இன்க் கோப்புறைக்குள் '.ஆதர்' என்ற வெற்று உட்கோப்புறை இருந்தால் மட்டுமே, இது ஆசிரியரின் கணினி என்று அறிந்து கருவி நகலைப் புதுப்பிக்கும். நானோ இன்க் கோப்புறையை, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் சேர்த்திருந்தேன். கிட் வெற்றுக் கோப்புறைகளைச் சேமிப்பதில்லை. ஆகவே கிட்டிலிருந்து புதிதாக எடுத்த நகலில் (க்ளோனில்) அந்த அடையாளம் இல்லாமல் போக, கருவி என்னையும் ஒரு பயனராகவே கருதிவிட்டது. பொதி கட்டுமுன் இன்க் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிடுங்கள். கிட்டில் அதைச் சேர்க்கவே வேண்டாம்.

2017இல் பெர்ல் 5.26 வந்தபோது இதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தது. மாட்யூல் தேடும் பாதைகளிலிருந்து நடப்புக் கோப்புறை பாதுகாப்புக் காரணத்தால் நீக்கப்பட்டதால், பொதியைக் கையால் பிரித்து நிறுவியவர்களுக்கு இன்க் நகல் கிடைக்கவில்லை என்ற பிழை வந்தது. என் கணினியில் மாட்யூல்::இன்ஸ்டால் தனியாக நிறுவப்பட்டிருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. சிபேன் நிறுவிகள் ஒரு சூழல் மாறியின் மூலம் பழைய வழக்கத்தைத் தொடர்ந்ததால் அவற்றின் வழி நிறுவியவர்களுக்கும் தெரியவில்லை. நிறுவும்போது முதலில் இயங்கும் மேக்ஃபைல்.பிஎல் கோப்பின் தொடக்கத்தில் 'யூஸ் லிப்' வரியால் நடப்புக் கோப்புறையைச் சேர்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். அந்த ஒரு வரிக்காகப் புதிய பதிப்பே வெளியிட நேர்ந்தது, ஏனெனில் சிபேனுக்குப் பொதிகளை ஏற்றும் பாஸ் தளம் ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை மீண்டும் ஏற்பதில்லை. கருவி நிறுவப்படாத வெறும் பெர்லில் பொதியைப் பிரித்துச் சோதிக்காமல் வெளியிடுவதை இன்று பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

மாட்யூல்::பில்ட் பெர்லோடு வரும் என்று நம்புதல்

பொதியைக் கட்டி நிறுவ உதவும் இந்தக் கருவி, 2015இல் வந்த பெர்ல் 5.22 முதல் பெர்லோடு சேர்ந்து வருவதில்லை. நிறுவலைத் தொடங்கவே தேவையானவற்றின் பட்டியலான கான்ஃபிகர்_ரிக்வயர்ஸில் அதை எழுதுங்கள்.

பயனரின் கருவியும் புதியது என்று எண்ணுதல்

மேக்ஃபைல்.பிஎல் கோப்பில் டெஸ்ட்_ரிக்வயர்ஸ் (சோதனைக்குத் தேவையான மாட்யூல்களின் பட்டியல்) எழுதினால், அந்தக் கோப்பைக் கையாளும் கருவியான மேக்மேக்கரின் 6.64க்கு முந்தைய பதிப்புகளுக்கு அது புரியாது. 6.64 பதிப்பைத் தேவையாகக் குறிப்பிடுங்கள். இல்லையேல், நிறுவப்பட்டுள்ள மேக்மேக்கரின் பதிப்பைப் பார்த்து, பழையதாக இருந்தால் அந்தப் பட்டியலை பில்ட்_ரிக்வயர்ஸுக்கு (கட்டுவதற்குத் தேவையானவற்றின் பட்டியலுக்கு) மாற்றும் நிபந்தனையை எழுதுங்கள்.

வெளியிடும் நாளில் கருவியைப் புதுப்பித்தல்

வேண்டாம். ஒரு வாரம் முன்பே செய்யுங்கள்.