கடற்கரை ஊரில் மெக்சிகன் சாப்பாடு: மலையகத்திலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

பண்டாரவளையிலிருந்து வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாக இறங்கினால் அறுகம்பே. தென்மேற்குப் பருவமழையில் அட்டன் நனைந்துகொண்டிருக்கும் மாதங்களில்தான் அங்கே வெயிலும் அலைச்சறுக்கும் களைகட்டும். வெளிநாட்டவர்களை நம்பி டாக்கோ, பரிட்டோ விற்கும் கடைகளும் அப்போது சுறுசுறுப்பாக இருக்கும். நம்மவர்கள் பலர் உணவுப் பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்த்துத் தயங்கி, பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கம் தேவையே இல்லை. ரொட்டியும் கொச்சிக்காயும் தேசிக்காயும் தெரிந்த நாக்குக்கு இந்தச் சாப்பாட்டின் நல்லது கெட்டது உடனே விளங்கும்.

படி 1: முதலில் ரொட்டியை விசாரியுங்கள்

மெக்சிகன் சமையலின் அடித்தளம் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி. கடையை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அசல் டோர்ட்டியா சோளத்தில் செய்வது. சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கழற்றும். மாவு உதிராமல் ஒட்டிக்கொள்ளச் செய்யும். சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும் வழிசெய்யும். வெறும் சோள மாவைப் பிசைந்து தட்டினால் ரொட்டி பிளந்துபோகும்.

“சோளமா, கோதுமை மாவா? இங்கேயே சுடுகிறீர்களா?” என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். கோதுமை என்றால் போலி என்று நினைக்க வேண்டாம். வட மெக்சிகோவில், குறிப்பாகச் சொனோரா மாநிலத்தில், கோதுமை டோர்ட்டியாதான் வழக்கம். சூடாக, மடித்தால் உடையாமல் வந்தால் போதும். பொதியிலிருந்து எடுத்து ஆறிப்போனதாகக் கொடுத்தால், உள்ளே எதை வைத்தாலும் ருசிக்காது.

படி 2: எதைக் கேட்பது?

டாக்கோ என்பது சிறிய டோர்ட்டியாவில் கறியை வைத்து மடித்தது. முதல்முறை என்றால் மீன் டாக்கோவைக் கேளுங்கள். கடலோரத்துக்கு அதுவே பொருத்தம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா மாநிலத்துத் துறைமுக நகரமான என்செனாடா இதற்குப் பேர்போனது: மாவில் தோய்த்துப் பொரித்த மீன், மெல்லியதாக அரிந்த கோவா, வெண்ணிறக் குழம்பு, சல்சா என்ற தக்காளி மிளகாய்ச் சம்பல், மேலே பிழிய எலுமிச்சை. கோவா அரிவதில் நுவரெலியாக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நூலாக அரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பரிட்டோ என்பது பெரிய கோதுமை டோர்ட்டியாவில் சுருட்டியது, ஒன்றே வயிற்றை நிரப்பும். கெசடியாவில் சீஸ் வைத்து மடித்துச் சுடுவார்கள், பிள்ளைகளுக்கு நல்லது. செவிச்சே மட்டும் யோசித்துக் கேளுங்கள். அதில் மீனை அடுப்பில் வேகவைப்பதில்லை, எலுமிச்சைச் சாற்றில்தான் ஊறவிடுவார்கள். மீன் அன்றைக்குப் பிடித்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

படி 3: இறைச்சியைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்

நம் வீடுகளில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும், பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும், வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் இருக்கிறார்கள். பட்டியலில் ‘கார்னே அசாடா’ என்றால் மாடு. ‘கார்னிட்டாஸ்’, ‘அல் பாஸ்டோர்’ இரண்டும் வழக்கமாகப் பன்றி. ‘பொயோ’ கோழி, ‘பெஸ்காடோ’ மீன். மரக்கறிதானே என்று நம்பி வாங்கும் மசித்த பயற்றிலும் கவனம் வேண்டும்: மரபுப்படி அதைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். “எந்த எண்ணெயில் செய்தது?” என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

படி 4: சல்சாவைத் தனியாகச் சுவையுங்கள்

கிண்ணத்தில் வரும் சல்சாவை உடனே ஊற்றாதீர்கள். ஒரு துளி நாக்கில் வையுங்கள். தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி இலை, எலுமிச்சை எல்லாம் புதிதாகத் தெரிய வேண்டும். ஹலபேனோ மிளகாயின் உறைப்பு நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஹபனேரோ என்றால் கொஞ்சமாக எடுங்கள்; அது நம் நை மிரிஸ் வகையைச் சேர்ந்த மிளகாய்.

குவாக்கமோலேயும் கேளுங்கள். நாம் சீனியும் பாலும் போட்டு உண்ணும் அவகாடோவை உப்பு, மிளகாய், வெங்காயம், எலுமிச்சை சேர்த்து மசிப்பது அது. பழுத்த பழமா என்பது வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். பதுளைப் பக்கத்தில் மரத்தடியில் பொறுக்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களை இதில் ஏமாற்ற முடியாது.

படி 5: கையால் சாப்பிடுங்கள்

டாக்கோவுக்கு முள்கரண்டி வேண்டாம். எலுமிச்சையைப் பிழிந்து, மூன்று விரல்களால் மடித்துப் பிடித்து, தட்டுக்கு மேலே குனிந்து, தலையைச் சாய்த்துக் கடியுங்கள். டாக்கோவை நிமிர்த்தினால் உள்ளே இருப்பது கொட்டிவிடும். என்சிலாடா மட்டும் மிளகாய்க் குழம்பில் தோய்ந்து வருவதால் கரண்டியால் சாப்பிட வேண்டும்.

படி 6: பில்

விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி. சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். வற் வரி 2024 முதல் 18 சதவீதம். இரண்டும் சேரும் கடையில், 1,000 ரூபாய் என்று போட்டிருப்பது 1,300 ரூபாய்க்கு அருகில் போய் நிற்கும். குடும்பமாகப் போகிறவர்கள் உட்காரும் முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஆளுக்கு ஒரு டாக்கோ சொல்லி, ரொட்டி பிடித்திருந்தால் அடுத்ததைச் சொல்லுங்கள்.