எண்டோஸ்கோப்பி முதுகு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் முதுகுவலிக்காரர்கள் இப்போதெல்லாம் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகும்போதே ஒரு கேள்வியைக் கையோடு எடுத்துப் போகிறார்கள்: "டாக்டர், எனக்கு எண்டோஸ்கோப்பியில பண்ணிடலாமா?" சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் இந்த முறையை யூடியூபில் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் கோயிலில் யாராவது "காலையில போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டேன்" என்று சொல்லியிருப்பார்கள். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது, அதற்கு அறுவை சிகிச்சைதான் வழியா என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான், எந்த வழியாக உள்ளே போவது என்ற பேச்சே வர வேண்டும்.

வரிசை மாறுவது பெரும்பாலும் எம்ஆர்ஐ அறிக்கையைப் படிக்கும்போதுதான். "டிஸ்க் தேய்மானம்" (டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு), "பல்ஜ்" (ஜவ்வு பிதுங்குவது) என்ற சொற்களைப் பார்த்ததும் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடுகிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரை மாதிரி, வயதானால் வருவது. ஸ்கேனும் உடம்பும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் முக்கியம். எல்5, எஸ்1 இரண்டும் கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகள். எல்5 நரம்பு நசுங்கினால் காலின் பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எஸ்1 நசுங்கினால் நுனிக்காலில் எம்பி நிற்கச் சிரமப்படும். ஸ்கேனில் ஜவ்வு இடப்பக்கம் பிதுங்கியிருக்க, வலி வலக்காலில் இருந்தால் எவ்வளவு நவீனமான கருவியாலும் பயனில்லை. அப்புறம், ஜவ்வை எடுக்கும் அறுவை சிகிச்சை நன்றாகக் கேட்பது காலுக்கு இறங்கும் வலிக்குத்தான். வெறும் இடுப்புவலிக்காக அதைச் செய்துகொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

பிதுங்கிய ஜவ்வினால் வரும் கால் வலி பலருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் தானாகவே தணிகிறது. பிதுங்கிய துண்டை உடம்பே சிறுகச் சிறுகக் கரைத்துவிடுவதும் உண்டு. மாத்திரை, ஃபிசியோதெரபி, தேவைப்பட்டால் நரம்பைச் சுற்றி ஓர் ஊசி என்று அந்த வாரங்களை ஓட்டலாம். ஆனால் பொறுமைக்கு விதிவிலக்கு உண்டு. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் ஏதாவது வந்தால் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இங்கே ஒரு நாள் தாமதம்கூட நிரந்தர பாதிப்பாகலாம். பாதம் திடீரெனத் தொங்கிப்போனாலும் அன்றே காட்ட வேண்டும்.

இந்தச் சிகிச்சையை "லேசர்" என்று சொல்லும் பழக்கமும் பரவிவிட்டது. உள்ளே நடப்பது வேறு. ஒற்றைத் துளை முறையில் சுமார் 8 மில்லிமீட்டர் கீறல் வழியாகக் குழாய் ஒன்று போகும். கேமரா, விளக்கு, உப்புநீர், கருவி எல்லாம் அதற்குள்ளேயே. உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ரத்தம் கழுவப்பட்டு நரம்பு திரையில் பெரிதாகத் தெரியும். மருத்துவர் சிறு இடுக்கியால் ஜவ்வுத் துண்டைப் பிடித்து இழுப்பார், எலும்பு இடைஞ்சலாக இருந்தால் துருவுவார், ரேடியோ அலைக் கருவியால் ரத்தக் கசிவை அடைப்பார். பக்கவாட்டிலிருந்து போகும் முறையில் முழு மயக்கம் தராமலே செய்யவும் முடியும். இரட்டைத் துளை முறையில் ஒரு துளை கேமராவுக்கு, இன்னொன்று கருவிக்கு. இரண்டு கையும் தாராளமாக இயங்குவதால், நரம்புப் பாதை சுருங்கிய வயதானவர்களுக்கும் இதில் செய்ய முடிகிறது. உண்மையான முன்னேற்றம் இங்கேதான்: ஜவ்வு எடுக்க மட்டும் என்று இருந்தது, இப்போது எலும்பு அகற்றவும், சில இடங்களில் எலும்புகளை இணைக்கவும் பயன்படுகிறது.

அதற்காக எல்லாருக்கும் இதுவே சிறந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நெதர்லாந்தில் 600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துக் கால் வலி குறைந்ததில் எண்டோஸ்கோப்பி முறை வழக்கமான நுண்ணோக்கி அறுவை சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. அதாவது பழைய முறையும் நல்ல முறைதான். எலும்பு நிலையில்லாமல் நகர்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, பல இடங்களில் சுருக்கம் என்றால் சிறு துளை போதாமல் போகலாம். தழும்பு சிறியது என்பதால் ஆபத்தும் சிறியதாகிவிடாது. நரம்பைச் சுற்றியுள்ள சவ்வு கிழியலாம், துண்டு ஒன்று உள்ளே விட்டுப்போகலாம், நரம்பு எரிச்சலால் கால் சில வாரம் காந்தலாம். இது கை பழக நாளெடுக்கும் வித்தை என்று அறுவை மருத்துவர்களே சொல்வார்கள். ஆகவே "எனக்கு இருக்கிற இதே பிரச்சினைக்கு இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், பாதியில் திறந்த முறைக்கு மாற நேர்ந்ததா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரிடம் முதுகைக் கொடுக்கத் தேவையில்லை.

மருந்துகளை மறைப்பதும் நம்மிடையே அதிகம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) வாங்கிய மூலிகை, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணம். அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகப் பரிந்துரைக் கடிதம் வழியாகப் போவதுதான் வழக்கமான பாதை. அதில் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தனியார் பக்கம் போவதென்றால், மருத்துவர் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்து, முன்அனுமதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் ரைடர்களில் (மருத்துவக் காப்புறுதியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் காப்பு) செலவில் குறைந்தது 5 விழுக்காடு நம் கையிலிருந்துதான். மெடிசேவிலிருந்து (மருத்துவச் செலவுக்கான நம் சேமிப்புக் கணக்கு) எவ்வளவு எடுக்கலாம் என்பது சுகாதார அமைச்சின் அறுவை சிகிச்சை அட்டவணையைப் பொறுத்தது, எனவே அதில் உங்கள் சிகிச்சைக்கு உள்ள குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் கட்டண அளவுகோல்களையும் அமைச்சு வெளியிட்டிருக்கிறது. சென்னையில் செலவு குறைவு என்று கிளம்புபவர்கள், அங்கே மெடிசேவ் செல்லாது என்பதையும், திரும்பி வந்தபின் காயத்தையும் காலையும் யார் பார்ப்பார்கள் என்பதையும் முதலில் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு அன்றே அல்லது மறுநாளே வந்துவிடுவதால் ஒரு மிதப்பு வரும். தோல் காயம் ஆறிவிடும், ஆனால் ஜவ்வின் ஓட்டை அடைபடப் பல வாரம் ஆகும். அதற்குள் தேக்கா சந்தையிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "பார்த்துக்கலாம்" என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். கால் வலி முதலில் விடும், பலம் மெல்லத் திரும்பும், மரத்துப்போன இடத்துக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்து அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம். காய்ச்சல், காயத்தில் தெளிந்த நீர்க் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, புதிதாகப் பலமிழப்பு என்று ஏதாவது வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் மருத்துவமனையை உடனே அழையுங்கள்.