பழைய மோட்டார் படகு வாங்கும்போது: சர்வேயில் பழுது தெரிந்த பிறகு செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பழைய படகு வாங்குகிறவர்களில் பலர் முதலில் சர்வேயரை, அதாவது படகின் நிலையைப் பரிசோதித்து அறிக்கை தருபவரை, வைத்துப் பார்க்கிறார்கள். கடன் தரும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் அறிக்கை கேட்கும் என்பதால் அந்தக் கட்டம் தானாகவே நடந்துவிடுகிறது. ஆட்கள் சறுக்குவது அறிக்கை கைக்கு வந்த பிறகுதான். ஃப்ளோரிடா கடலோரத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு படகையே எடுத்துக்கொள்வோம்: 26 அடி ஃபைபர் படகு, வயது 15, மெர்குரூசர் 5.7 லிட்டர் பெட்ரோல் என்ஜின், பின்னால் ஸ்டெர்ன்டிரைவ் (உள்ளிருக்கும் என்ஜினின் சுழற்சியைப் பின்சுவர் வழியே வாங்கிப் புரொப்பெல்லரைச் சுற்றும் வெளிப் பாகம்). இப்படிப்பட்ட படகில் சர்வேயர் நாற்பது குறை எழுதினால் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. எழுதாவிட்டால்தான் சர்வேயரைச் சந்தேகிக்க வேண்டும்.

நாற்பதையும் கூட்டி விலை பேசுவது

பெரும்பாலான சர்வேயர்கள் குறைகளைத் தரம் பிரித்தே தருவார்கள்: உயிருக்கு ஆபத்தானவை, விரைவில் செய்ய வேண்டியவை, பார்வைக்கு மட்டும் குறையானவை. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டு விற்பவரிடம் நீட்டினால், அவர் கடைசி வகையைக் காட்டியே முதல் வகையையும் மறுத்துவிடுவார். அபாய ஒளிக்குச்சிகளுக்கு ஆயுள் 42 மாதம். காலாவதியாகியிருந்தால் புதிதாக வாங்கிப் போடுங்கள். தூக்கியெறியும் வகைத் தீயணைப்பான் 12 ஆண்டு தாண்டியிருந்தால் சட்டப்படி செல்லாது. அதுவும் கடையில் கிடைக்கும் சின்னச் செலவுதான். மெத்தை கிழிந்ததும் மேல்பூச்சு மங்கியதும் விலை கேட்ட அன்றே உங்கள் கண்ணில் பட்டவை, பேசிய விலையில் அடங்கியவை. அவற்றை மறுபடி எடுப்பது பேரத்தைக் கெடுக்கும்.

பேச வேண்டியவை நான்கே வகை: பாதுகாப்பு, கட்டுமானம், என்ஜினும் டிரைவும், வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தவை. இவற்றையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செலவு முன்கூட்டியே தெரிந்த பழுது ஒரு பக்கம், திறந்து பார்த்தால்தான் தெரியும் பழுது மறு பக்கம். முதல் வகைக்கு விலை பேசலாம். இரண்டாம் வகைக்குத் திறந்து பார்க்காமல் எந்தத் தொகைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஈரம் காட்டியதும் ஓடுவது, அல்லது ஏதோ ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வது

"டிரான்சமில் ஈரப்பதம் அதிகம்" (டிரான்சம் என்பது உள்ளே ஒட்டுப்பலகை வைத்த பின்சுவர்) என்ற ஒற்றை வரி பல பேரங்களை முறித்திருக்கிறது. சில பேர் அதே வரிக்கு இரண்டாயிரம் டாலர் தள்ளுபடி வாங்கிக்கொண்டு, பிறகு பல மடங்கு செலவு செய்திருக்கிறார்கள். ஈரமானி காட்டுவது ஒரு குறிப்பு மட்டுமே. அப்போதுதான் நீரிலிருந்து தூக்கிய படகின் அடியில் வைத்தால் முள் ஏறித்தான் நிற்கும். செம்பு கலந்த அடிப்பூச்சு, பின்னால் இருக்கும் உலோக டாங்க், உள்ளே தேங்கிய பில்ஜ் தண்ணீர் எல்லாமே முள்ளை ஏற்றும். அதனால்தான் சர்வேயர் சின்னச் சுத்தியலால் தட்டியும் பார்க்கிறார். நல்ல பகுதி 'டக் டக்' என்று திருத்தமாகச் சத்தம் தரும். உளுத்துப்போனதோ அடுக்கு விட்டதோ 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். மானியும் சத்தமும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் விஷயம் தீவிரம்.

அப்போது செய்ய வேண்டியது, உள்பக்கத்திலிருந்து கால் அங்குலத் துளை ஒன்றோ இரண்டோ போட்டுப் பார்ப்பது. டிரைவ் பொருத்திய வெட்டைச் சுற்றிலும், வடிகால் துளைக்குப் பக்கத்திலும் பார்ப்பது வழக்கம்; நீர் முதலில் நுழைவது அங்கேதான். துரப்பணத்தோடு வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் ஒட்டுப்பலகை உயிரோடு இருக்கிறது. கருத்த ஈரச் சேறு வந்தால் போயிற்று. துளையை எபாக்சியால் அடைத்துவிடலாம். ஆனால் விற்பவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அடுத்தவர் படகில் துளை போடக் கூடாது. வாங்காமல் போனால் துளையைச் சரிசெய்து தருவது உங்கள் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

உளுத்தது உறுதியானால்? ஸ்டெர்ன்டிரைவ் படகில் டிரான்சம் மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். ஸ்ட்ரிங்கரும் (அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குவிட்டம்) போயிருந்தால் தளத்தை வெட்ட வேண்டும். 15 வயதுப் படகுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இங்கே தள்ளுபடி பேசுவதைவிட டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு படகு பார்ப்பதே சரி.

என்ஜினையும் சேர்த்துப் பார்த்தாயிற்று என்று நினைப்பது

ஃபைபர் உடலைப் பார்க்கும் சர்வேயர் பொதுவாக என்ஜினைக் கழற்ற மாட்டார், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளக்க மாட்டார். "ரைசர் இணைப்பில் துருக் கோடு, மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதிக்கவும்" (ரைசர், மேனிஃபோல்டு இரண்டும் என்ஜின் புகை வெளியேறும், நீரால் குளிரும் பாகங்கள்) என்று எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. அந்த வரியைப் பார்த்து, "மேனிஃபோல்டும் ரைசரும் மாற்றினால் போதும், இவ்வளவு டாலர்" என்று கணக்குப் போடுவதுதான் தவறு.

கடல்நீரே நேரடியாகச் சுற்றிக் குளிர்விக்கும் என்ஜினில் மேனிஃபோல்டும் ரைசரும் 5 முதல் 7 ஆண்டுக்குள் மாற்ற வேண்டியவை. உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே துரு தெரியும்போது உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓட்டை விழுந்தால் என்ஜின் நின்ற பிறகு உப்புநீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, நீர் ஏற்கெனவே இறங்கிவிட்டதா என்பது. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து, வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்றிரண்டு மட்டும் தனியாகச் சரிந்திருந்தால் கசிவுச் சோதனையும், ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டு உள்சுவரைப் பார்ப்பதும் அவசியம். சுவரில் துரு இருந்தால் புது ரைசர் போட்டு என்ன பயன்?

டிரைவிலும் இதே கதைதான். பெல்லோஸ் (டிரைவின் இணைப்பை நீர் புகாமல் மூடும் மடிப்பு ரப்பர் குழாய்) வெடித்திருக்கிறது என்று அறிக்கை சொன்னால், நீர் உள்ளே போய், டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங்கைத் தின்றிருக்கலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உறுமல் கேட்கும். அதோடு, பெல்லோஸ் கிழிந்த படகு கட்டிய இடத்திலேயே மூழ்கக்கூடும். டிரைவைக் கழற்றும் கூலி எப்படியும் உண்டு என்பதால், எல்லா பெல்லோஸும் ஜிம்பல் பேரிங்கும் கியர் கேபிளும் சேர்த்தே விலை கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டு அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது முழு வேகத்தில் என்ஜின் கையேடு சொல்லும் சுழற்சியை எட்டவில்லை என்றால், "புரொப்பெல்லர் மாற்றினால் சரியாகிவிடும்" என்பது விற்பவரின் வழக்கமான பதில். அதைச் சரிபார்க்கலாம். பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்தால் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை ஏறும். 600 குறைகிறது என்றால் மூன்று அங்குலத்துக்கு மேல் தவறான புரொப்பெல்லர் மாட்டியிருக்க வேண்டும். புரொப்பெல்லரின் ஹப்பில் பொறித்த எண்ணைப் பாருங்கள். அது பொருத்தமான அளவாக இருந்து, அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் இல்லாமலிருந்தால் குறை பெரும்பாலும் என்ஜினில்தான்.

தேதியைத் தவறவிடுவது

ஒப்பந்தத்தில், வாங்குவதா இல்லையா என்று நீங்கள் சொல்ல வேண்டிய 'ஏற்புத் தேதி' ஒன்று இருக்கும். அந்தத் தேதி வரை நீங்கள் மௌனமாக இருந்தால் சில படிவங்களில் படகை ஏற்றுக்கொண்டதாகப் பொருள், சிலவற்றில் நிராகரித்ததாகப் பொருள். எது என்று கையெழுத்துப் போடும் முன்பே படித்திருக்க வேண்டும். வழக்கமான 10 விழுக்காடு டெபாசிட் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகும் என்றால், தேதியை நீட்டி இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளை வாங்குங்கள். புரோக்கர் போனில் "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொன்னது கணக்கில் வராது.

விற்பவரையே சரிசெய்து தரச் சொல்வது

கேட்க நன்றாக இருக்கும் ஏற்பாடு. எங்கள் பார்வையில் பெரும்பாலும் மோசமான ஏற்பாடு. கை மாறப்போகும் படகில் விற்பவர் ஆகக் குறைந்த செலவில் வேலையை முடிக்கத்தான் பார்ப்பார். இரண்டு உதாரணம் போதும்.

ஆல்டர்னேட்டர் பழுது என்று அறிக்கை சொல்கிறது. விற்பவர் கார் உதிரிபாகக் கடையில் அதே உருவில் ஒன்றை வாங்கி மாட்டுகிறார். மின்சாரம் வருகிறது, எல்லாரும் திருப்தி. ஆனால் படகுக்கான ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்துச் செய்தவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய என்ஜின் அறையின் அடியில் தங்கும். கார் பாகத்தை அங்கே வைப்பது வெடிக்கக் காத்திருப்பது. பெட்ரோல் என்ஜின் அறையில் இப்படித் தீப்பொறியை அடைத்து வைக்கும் பாகங்கள்தான் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டமும்கூட.

இன்னொன்று, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சீகாக், அதாவது படகின் உடலில் நீர் வரும் வழியை மூடித் திறக்கும் வால்வு. "இறுகிவிட்டது, மாற்றவும்" என்றால் விற்பவர் வன்பொருள் கடைப் பந்து வால்வை வாங்கி, உடலைத் துளைத்து வரும் குழாயிலேயே திருகிவிடுவார். குழாயின் மரை நேரானது, வால்வின் மரை கூம்பானது; இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் ஏறாது. பளபளவென்று இருக்கும், கால் பட்டால் முறியும். ஏபிஒய்சி (அமெரிக்கப் படகுத் தர அமைப்பு) விதிப்படி சீகாக் அமைப்பு 500 பவுண்டு பாரத்தை 30 நொடி தாங்க வேண்டும். அடித்தட்டு வைத்துப் படகின் உடலோடு இறுக்கிய வெண்கல சீகாக்தான் நம்பத்தக்கது. மஞ்சள் பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து உதிர்ந்துபோகும்.

விற்பவர்தான் செய்வார் என்று முடிவானால், "சீகாக்கைச் சரிசெய்யவும்" என்று ஒரு வரியில் விடாதீர்கள். எந்தப் பாகம், எந்த வகை, எந்தப் பட்டறை, எந்தத் தேதிக்குள், முடிந்ததும் உங்கள் சர்வேயர் மறுபடி பார்க்கும் செலவு யாருடையது என்று எழுதுங்கள். கழற்றிய பழைய பாகங்களை நீங்கள் பார்க்கும் வரை எறியக் கூடாது என்றும் சேருங்கள். பட்டறை பில் கட்டிய ரசீதை வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் கடல்சார் சட்டத்தில் பழுதுபார்த்த பாக்கி படகின்மேலேயே உரிமையாக ஏறும். உரிமையாளர் மாறினாலும் கூடவே வரும். விற்பவர் கட்டாத பில்லுக்குப் பட்டறைக்காரர் உங்கள் படகைப் பிடிக்க முடியும்.

மாறாக, படகு இன்னும் அவர் பெயரில் இருக்கும்போதே பழுதுக்கு உங்கள் பணத்தைப் போடுவதும் தவறுதான். பேரம் முறிந்தால் அந்தப் பணம் அவர் படகில் போய்விடும்.

தள்ளுபடியை மட்டும் பார்ப்பது

தொகையைச் சர்வேயரிடம் கேட்காதீர்கள். பட்டறையிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். மணிக்கணக்கும் கூலி வீதமும் பாகங்களும் படகைத் தூக்கும் கட்டணமும் தனித்தனியே இருக்கட்டும். திறந்த பிறகு பெருகும் வேலைக்கென்று மேலே 20 முதல் 25 விழுக்காடு வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடனில் வாங்குபவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். படகு 60,000 டாலர், முன்பணம் 20 விழுக்காடு, அதாவது 12,000. பழுதுக்காக 6,000 குறைத்து விலை 54,000 ஆனால் முன்பணம் 10,800 ஆகிறது. கையில் மிச்சம் 1,200 மட்டும். ஆனால் பட்டறைக்குக் கட்ட வேண்டியது முழு 6,000. அன்றைய தேவை 16,800 டாலர். பணம் போதாமல் பழுது அப்படியே நின்றுபோவது இப்படித்தான். ரொக்கம் உள்ளவருக்கு விலைக் குறைப்பே நல்லது. ஃப்ளோரிடாவின் 6 விழுக்காடு விற்பனை வரியிலும் 360 டாலர் குறையும். ரொக்கம் குறைவானவர், விலையை அப்படியே விட்டு, விற்பவருக்குப் போகும் பணத்தில் 6,000 டாலரை எஸ்க்ரோ (மூன்றாம் தரப்பு காத்துவைக்கும்) கணக்கில் நிறுத்திப் பட்டறைக்கு நேராகக் கொடுக்கச் செய்யலாம். இதை வங்கிக்குச் சொல்லி, முடிவுக் கணக்கில் காட்டித்தான் செய்ய வேண்டும். மிச்சமானால் யாருக்கு, போதாவிட்டால் யார் என்பதையும் எழுதுங்கள்.

காப்பீட்டுக் கடிதத்தில் கண்ணை மூடிக் கையெழுத்திடுவது

காப்பீட்டு நிறுவனம் அறிக்கையைப் படித்துவிட்டு, பாதுகாப்புக் குறைகள் எல்லாம் சரிசெய்யப்பட்டன என்று கடிதம் கேட்கும். சிலர் 30 அல்லது 60 நாள் தருவார்கள். சிலர் அதுவரை படகை நகர்த்தவே விட மாட்டார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே கையெழுத்திட்டுவிட்டு விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். முடியாததை முடியவில்லை என்றே எழுதிக் கால நீட்டிப்புக் கேளுங்கள். நியாயமான காரணத்துக்குப் பெரும்பாலும் தருவார்கள். நீங்களே செய்த சின்ன வேலைகளுக்குப் படமும் பாக ரசீதும், பட்டறை செய்தவற்றுக்கு பில்லும் அறிக்கையின் எண் வரிசைப்படி இணைத்து அனுப்புங்கள்.